குடித்துக் காட்டும் வேலை

பாட்டு நிகழ்ச்சிகளில் தூங்குவதில் காபி மெஷின் மெக்கானிக்குக்கு மூன்று வருட அனுபவம் இருந்தது. முதல் வருடம் தலை மட்டும் ஆடியது. பக்கத்தில் இருந்தவர்கள், மனிதர் தாளத்தில் சொக்கிப்போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டாம் வருடம் கையிலிருந்த நிகழ்ச்சி நிரல் நழுவிக் கீழே விழுந்தது, எடுக்க ஆளில்லை. மூன்றாம் வருடம்தான் மானம் கப்பலேறியது. பாட்டுக் குழுவின் இருபத்தெட்டுப் பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டே வந்து, கடைசியில் மூச்சுச் சத்தம்போலப் பாடவேண்டிய இடம் ஒன்று. சரியாக அந்த இடத்தில், முன்வரிசை நடுவிலிருந்து, மரம் அறுக்கிற மாதிரி ஒரு குறட்டை கிளம்பியது. குழுவை நடத்தும் அம்மையார் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அரங்கமே எட்டிப் பார்த்தது. மேடையில் நின்ற மெக்கானிக்கின் மனைவிக்கு மட்டும் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. அந்தக் குறட்டையோடு பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியவள் அவள்.

அவளுக்கு நூலகத்தில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்று சொல்லும் வேலை. நாள் முழுவதும் அடக்கிவைத்த சத்தத்தை எல்லாம் வியாழக்கிழமை சாயங்காலம் பாட்டுக் குழுவில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, வாயெல்லாம் பல்லாக வீடு திரும்புவாள். குழுவில் சேர்ந்து ஆறு வருடம் ஆகியும் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் நின்று பாடியிருக்கிறாள். இந்த வருடம் முதல் தடவையாக அவளுக்குத் தனியாகப் பாடப் பன்னிரண்டு வரி கிடைத்திருந்தது. மற்ற எல்லோரும் பின்னால் மெல்ல முனகிக்கொண்டிருக்க, இவள் மட்டும் முன்னால் வந்து நின்று பாடவேண்டும்.

பாடுகிற ஒவ்வொருவருக்கும் முன்வரிசைக்கு ஒரு டிக்கெட்டும் கடைசி வரிசைக்கு ஒரு டிக்கெட்டும் கொடுப்பார்கள். சாப்பாட்டு மேஜைமேல் அந்த இரண்டையும் வைத்தபோது அவள் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"முன்வரிசைய அண்ணனுக்குக் குடுக்கலாம்னு இருக்கேங்க. நீங்க பின்னாடி உக்காந்துக்கோங்க."

"ஏம்மா, நான் முழிச்சிருப்பேன்."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க. எனக்குக் கோவமெல்லாம் இல்ல. நீங்க பின்னாடி இருந்தா தூங்குறீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாம இருந்தா நிம்மதியாப் பாடிருவேன்."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, வாங்கிக்கொண்டு போயிருப்பார். இப்படிப் பொறுமையாகச் சொன்னது அவரை என்னவோ செய்தது. முன்வரிசை போனால் போகட்டும், அவள் அந்தப் பன்னிரண்டு வரியைப் பாடும்போது தான் கண்ணைத் திறந்து வைத்திருக்கவேண்டும், அது அவளுக்குத் தெரியவேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்தார். முடிவு செய்த கையோடு ஒரு கொட்டாவி வந்தது. வாயை மூடிக்கொண்டே விட்டார், அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பாட்டு நிகழ்ச்சியில் மட்டுமா தூக்கம்? எழுந்திருக்கும்போதே அசதி. எட்டு மணி நேரம் படுத்திருந்துவிட்டு, யாரோ விடிய விடிய மூட்டை தூக்கவைத்த மாதிரி எழுந்திருப்பார். பல் துலக்கும்போது சுவரில் சாய்வார். சிக்னலில் சிவப்பு விழுந்தால் சந்தோஷப்படும் ஒரே வண்டிக்காரர் ஊரில் அவர்தான். அவரிடம் யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "அலுப்பா இருக்கு" என்பார். வேடிக்கை என்னவென்றால், கேட்டவரும் "எனக்கும்தாங்க" என்பார். போகிற இடமெல்லாம் இதே கதைதான். டிராவல்ஸ் ஆபீஸில் வரவேற்பில் இருக்கும் பெண் கன்னத்தில் கை ஊன்றியபடி கண்ணை மூடியிருப்பாள். தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர் ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவில் எங்கேயோ போய்விட்டு வருவார். காலம் அப்படி, ஊரே அப்படி என்று மெக்கானிக் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவிடம் போனபோது அவரும் காகிதக் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு முதலில் ஒரு கொட்டாவி விட்டார்.

"மன்னிச்சுக்கோங்க, எனக்கே இப்பல்லாம் சரியாத் தூக்கமில்ல. சொல்லுங்க."

சொன்னார். டாக்டரம்மா விரல் விட்டுக் கேட்டுக்கொண்டே போனார். ரத்தம் குறைவா, சர்க்கரையா, தைராய்டா, தூக்கத்தில் மூச்சு அடைக்கிறதா, தண்ணீர் குடிக்கிறாரா, வேளைக்குச் சாப்பிடுகிறாரா, நடக்கிறாரா, மனசில் ஏதாவது கவலையா? எல்லாப் பரிசோதனையும் எடுத்தாயிற்று. எல்லாம் பழுதில்லாத மெஷின் மாதிரி சரியாக இருந்தது.

"காபி எவ்வளவு குடிப்பீங்க?"

"காபியா? நானா?" மெக்கானிக் சிரித்துவிட்டார். "தொழிலே அதுதானே டாக்டரம்மா, வீட்ல நான் அதத் தொடறதே இல்ல. எனக்குப் பால்தான்."

பொய் சொல்லவில்லை மனிதர். சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தாலும் பண்ணியிருப்பார். டாக்டரம்மா "காபி: இல்லை" என்று எழுதிக்கொண்டார்.

அந்த வார வெள்ளிக்கிழமை ஒரு காரியம் நடந்தது. கடைத்தெரு வாகன நிறுத்தத்தில் வேனை நிறுத்தி, ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம் என்று இருக்கையைச் சாய்த்தவர், இரண்டே கால் மணி நேரம் கழித்து எழுந்தார். காவலாளி கண்ணாடியைத் தட்டி, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் வீட்டுக்கு வந்ததும் மனைவி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அவளுடைய அண்ணன், அதாவது மெக்கானிக்கின் மச்சான், இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்தார். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்குத் தாடி முளைத்துவிடும். மெக்கானிக்கைத் தூங்கவிடாமல் வைத்திருக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். திங்கட்கிழமை காலையில் வேனில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டதிலிருந்து அவர் வாய் மூடவில்லை.

"எனக்கு ஒண்ணு புரியல மாப்ள. ஆபீஸ் போற நாள்ல ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறேன். லீவு போட்ட ரெண்டாவது நாள் தலைய வலிச்சுது, மூணாவது நாள்லேர்ந்து குழந்த மாதிரித் தூங்குறேன். எல்லாம் எங்க மேனேஜரு முகத்தப் பாக்காததாலதான்."

"இருக்கும் மச்சான்," என்றார் மெக்கானிக். அந்த மேனேஜர் மேல் அநியாயமாகப் பழி விழுந்துகொண்டிருந்தது அப்போது இருவருக்கும் தெரியாது.

மெக்கானிக்கின் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கோப்பை காபி இறக்கி மெக்கானிக் குடிக்கவேண்டும், கோளாறு நாக்குக்குத் தெரிய. பழுது பார்த்த பிறகு இன்னொரு கோப்பை இறக்கி, வாடிக்கையாளருக்கு எதிரிலேயே முழுசாகக் குடித்து, தலையை ஆட்டவேண்டும். ஒரு வாய் சப்பிவிட்டுக் கீழே ஊற்றுவது கூடாது. மெக்கானிக்கே ஊற்றிவிட்டால் மற்றவன் எப்படிக் குடிப்பான் என்று கம்பெனியை ஆரம்பித்தவர் கேட்டாராம். ஆகவே வேலைச் சீட்டில் கடைசியாக ஒரு கட்டம்: "குடித்துக் காட்டினேன்." அதில் டிக் விழுந்த பிறகுதான் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுவார். மெக்கானிக் பதினொரு வருடமாக ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மத்தியானம் மூன்று மணிக்கு, ஒரு பல் ஆஸ்பத்திரியின் சமையலறையில், மெக்கானிக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத் தலையை ஆட்டியபோது, மச்சான் முதல் தடவையாகப் பேச்சை நிறுத்தினார்.

"மாப்ள, இது எத்தனாவது?"

"எது?"

"காபி."

"இது காபியில்ல மச்சான், வேல."

"வேலதான். எத்தனாவது வேல? நான் எண்ணிக்கிட்டு வர்றேன், இது பதிமூணு."

மெக்கானிக் கோப்பையைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். இன்னும் இரண்டு இடம் பாக்கி இருந்தது. ஒரு நாளைக்கு எட்டு இடம், இடத்துக்கு இரண்டு, காலையில் கிடங்கில் புது மெஷினைச் சோதிக்க ஒன்று. தட்டச்சு செய்கிறவரிடம் எத்தனை எழுத்து எழுதினாய் என்று கேட்ட மாதிரி, இதுவரை யாரும் கேட்டதில்லை, அவரும் எண்ணியதில்லை.

"பதினேழு," என்றார் மெதுவாக.

"பதினேழா! யானைக்குக் குடுத்தாக்கூட யானை ராத்திரி எழுந்து உலாத்துமே!"

சாயங்காலம் டாக்டரம்மா இதைக் கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் விளக்கினார். சாயங்காலம் குடித்த காபியில் பாதி, படுக்கப்போகும்போதும் உடம்பிலேயே இருக்கும். கண் மூடியிருக்கும், தூக்கம் ஆழமாகப் போகாது. காலையில் அலுப்பு. அலுப்பை விரட்ட வேலையே காபியாக வந்து நிற்கும். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

"இன்னைக்கே நிறுத்திடறேன்," என்றார் மெக்கானிக்.

"ஐயோ, ஒரேயடியா நிறுத்திடாதீங்க. தலைவலி பின்னிடும், ஒரு வாரத்துக்குத் தூக்கம் தூக்கமா வரும், உக்காந்த இடத்துல சாய்வீங்க. எட்டாக்குங்க, அப்புறம் நாலு, அப்புறம் ரெண்டு. படிப்படியா."

மெக்கானிக் விரலில் எண்ணிப் பார்த்தார். நிகழ்ச்சிக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் இருந்தது. நாலு நாளைக்கு எட்டு, நாலு நாளைக்கு நாலு, நாலு நாளைக்கு இரண்டு. கணக்கு நூல் பிடித்த மாதிரி வந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது அவள் அசைந்துகொடுக்கவில்லை. "பாக்கலாங்க," என்றாள். முன்வரிசை டிக்கெட் அண்ணன் சட்டைப்பைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

எட்டுதான் குடிக்கலாம் என்றால் மிச்சம் ஒன்பதை யார் குடிப்பது? "தங்கச்சிக்காக நான் குடிக்கிறேன்," என்று மச்சான் மார்தட்டினார். செவ்வாய்க்கிழமை ஒன்பது குடித்தார். அன்று அவர் பேசிய வேகத்தில் இரண்டு சிக்னல் தாண்டியதே தெரியவில்லை. புதன்கிழமையும் ஒன்பது. வியாழக்கிழமை காலை, கண் இரண்டும் தக்காளியாக, வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரெண்டு ராத்திரியா முழு வீட்டையும் ஒட்டட அடிச்சேன் மாப்ள. இனிமே அடிக்கிறதுக்கு ஒட்டட இல்ல. என்ன விட்டுடுங்க."

விட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒரு புது ஏற்பாடு செய்தார். தன் கணக்குக்கு மிஞ்சிய கோப்பையை எல்லாம் வாடிக்கையாளரிடமே நீட்டினார். "இந்த வாட்டி நீங்க குடிச்சுச் சொல்லுங்க," என்றார். எல்லோரும் கொஞ்சம் திகைத்தார்கள், வாங்கிக் குடித்தார்கள், கண்ணை ஒரு தடவை இறுக்கி மூடித் திறந்தார்கள், "நல்லாருக்கு" என்றார்கள். கையெழுத்தும் போட்டார்கள். மெக்கானிக்குக்கு ரொம்ப சந்தோஷம்.

சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எட்டு நாலாகிய இரண்டாம் நாள் காலையில், அலாரம் அடிப்பதற்கு முன்னால் தானாகவே கண் விழித்தார். என்ன கோளாறு என்று சிறிது நேரம் புரியவில்லை. உடம்பைத் தடவிப் பார்த்தார், எங்கேயும் வலி இல்லை. ஜன்னல் வழியாக வெயில் வந்து மெத்தைமேல் உட்கார்ந்திருந்தது. சமையலறையிலிருந்து ஒரு பாட்டுச் சத்தம். பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் தன் பன்னிரண்டு வரியைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவள் இரண்டு மாதமாகத் தினமும் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள், அவருக்குத்தான் இன்றைக்குக் காதில் விழுகிறது. எழுந்து போய்க் கதவோரம் நின்று கேட்டார். ஏழாவது வரி மிகவும் நீளம். அது மெல்ல ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, இறங்கி வருகிறவரை அவள் மூச்சே விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்த இவர்தான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். என் பெண்டாட்டியா இது, என்று இருந்தது. அன்றிலிருந்து தினமும் கதவோரம் நிற்பது அவருடைய வேலையாகிவிட்டது. நிற்பது அவளுக்குத் தெரியாது.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, நிகழ்ச்சிக்கு நாலு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, ஒரு அழகு நிலையத்தில் முடி வெட்டும் அம்மாவிடம் கோப்பையை நீட்டினார். ஊரில் மனசில் பட்டதை அப்படியே பேசும் ஆட்கள் சிலர் உண்டு, கையில் கத்தரியும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தை எட்டுக் கோணலாக்கினார்.

"எப்பவும் போலத்தான் இருக்கு. வேப்பெண்ணெய்."

"என்னது?"

"உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. இந்தக் காபியக் குடிச்சா எனக்குக் கை நடுங்குது, ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது. ஆனா நீங்க வந்து முழுக் கோப்பையும் மடமடன்னு குடிச்சுட்டுப் பிரமாதம்னு தலைய ஆட்டுறீங்க. மெக்கானிக்கே ஆட்டுறாரே, நமக்குத்தான் ருசி தெரியல போலன்னு நாங்களும் குடிச்சிட்டிருக்கோம்."

மெக்கானிக் மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். ஒரு கோப்பைக்கு எத்தனை கிராம் பொடி விழவேண்டும் என்று வைக்கும் திருகு உள்ளே இருந்தது. கம்பெனியிலிருந்து வரும்போது ஏழில் இருக்கும். இப்போது பதிமூன்றில் இருந்தது.

வைத்தது யார்? அவர்தான். எப்போதாவது ஒரு தடவை நாக்குக்குக் கொஞ்சம் தண்ணீராகப் பட்டிருக்கும், ஒரு புள்ளி ஏற்றியிருப்பார். நாளைக்குப் பதினேழு குடித்து மரத்துப்போன நாக்கு அது. ஒன்றிரண்டு வருடம் கழித்து இன்னொரு புள்ளி. இப்படிப் பதினொரு வருடம். அவர் பொறுப்பில் ஊரில் நாற்பத்து மூன்று மெஷின்! தபால் அலுவலகம், டிராவல்ஸ் ஆபீஸ், பல் ஆஸ்பத்திரி, மச்சானின் இன்சூரன்ஸ் ஆபீஸ். டாக்டரம்மாவின் மேஜையில் இருந்த காகிதக் கோப்பைகூட இவர் மெஷினில் இறங்கியதுதான்! ஊரே அலுப்பாக இருக்கிறது, காலம் அப்படி என்று சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அந்தக் காலத்தைத் திருகுப்புளியோடு போய்த் திருகி வைத்தது இவரேதான். வெட்கத்தில் காது சூடேறியது. பிறகு சிரிப்பு வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் மெஷின்மேல் நெற்றியை வைத்துக் குலுங்கினார். முடி வெட்டும் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

புதன், வியாழன், வெள்ளி, மூன்றே நாள். நாற்பத்து மூன்று மெஷினையும் ஒன்று விடாமல் தேடிப்போய் ஏழில் வைத்தார். முன்பெல்லாம் இரண்டாவது மாடி என்றாலே லிஃப்டுக்குக் காத்து நிற்பவர், இப்போது கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் தாவினார். தெம்பாக இருந்தது, புண்ணியம் செய்கிற மாதிரியும் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசியாக டாக்டரம்மாவின் மெஷினையும் இறக்கிவிட்டு வெளியே வந்தபோது, ஊருக்குத் தாலாட்டுப் பாடிவிட்ட திருப்தி அவருக்கு. டாக்டரம்மா அவரிடம் சொல்லி அனுப்பிய ஒரு வார்த்தை மட்டும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. மெக்கானிக் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில், சுவர் ஓரம் உட்கார்ந்தார். கண் பளிச்சென்று இருந்தது. முன்வரிசையில் மச்சானின் வழுக்கை தெரிந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போனதிலிருந்து, "மேனேஜர் முகத்தப் பாத்த அன்னைக்கே தூக்கம் போச்சு மாப்ள" என்று புலம்பிக்கொண்டிருந்தவர். அங்கங்கே தெரிந்த முகங்கள். எல்லோரையும் மெஷினை வைத்துத்தான் அவருக்கு அடையாளம். நாலாவது வரிசையில் தபால் அலுவலகம், ஆறாவதில் பல் ஆஸ்பத்திரி மொத்தமும், ஓரமாக டாக்டரம்மா, அவருக்குப் பின்னால் அழகு நிலையம்.

விளக்கு மங்கியது. முதல் பாட்டு முடிவதற்குள் பல் ஆஸ்பத்திரியில் ஒரு தலை சாய்ந்தது. இரண்டாவது பாட்டில் தபால் அலுவலகம் சாய்ந்தது. அசதி போலிருக்கிறது என்று நினைத்தார். மூன்றாவது பாட்டில் ஒரு வரிசையே ஒருவர் தோளில் ஒருவராகச் சரிந்தபோதுதான், டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரேயடியா நிறுத்திடாதீங்க. உக்காந்த இடத்துல சாய்வீங்க. படிப்படியா.

பதிமூன்றிலிருந்து ஏழு. ஒரே திருப்பு. நாற்பத்து மூன்று மெஷின். தனக்கு மட்டும் படி வைத்து இறங்கிக்கொண்டு ஊரை மாடியிலிருந்து தள்ளிவிட்டிருந்தார்.

அதற்குள் அவள் முன்னால் வந்துவிட்டாள். நீல நிறப் புடவை. தொண்டை கெடக்கூடாதென்று வெந்நீர் தவிர வேறெதுவும் குடிக்காத பாட்டுக் குழு மட்டும் விறைப்பாக நின்று முனகத் தொடங்கியது. அவள் பாட ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று வரி. குரல் தெளிவாக வந்தது. நாலாவது வரியில் அவள் கண் முன்வரிசைக்குப் போனது. அங்கே அவளுடைய அண்ணன், வாயைப் பிளந்துகொண்டு, தலை பின்னால் தொங்க, ஆனந்தமாக உறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரும் அப்படியே. அவள் கண் அடுத்த வரிசைக்கு ஏறியது, அதற்கடுத்த வரிசைக்கு ஏறியது. விழித்திருந்தவர்களும் இருந்தார்கள்தான், ஆனால் பாடுகிறவள் கண்ணுக்குத் தூங்குகிறவன் மட்டுமே தெரிவான். ஆறாவது வரியில் குரல் மெலிந்துபோனது. கடைசி வரிசை மேடையிலிருந்து பார்த்தால் இருட்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர் முழித்திருக்கிறாரா என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை. தெரியாமல் இருந்தால்தான் நிம்மதி என்று சொன்னவள்தான், இப்போது அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் எழுந்து நின்றார்.

யோசித்துச் செய்யவில்லை, கால் தானாக நிமிர்ந்தது. கடைசி வரிசையில் நிற்பவனை, மறைக்கிறது உட்காரு என்று சொல்லப் பின்னால் யார் இருக்கிறார்கள்? வெளியேறும் கதவுக்குமேல் எரிந்த சின்னப் பச்சை விளக்கு அவர் முகத்தில் விழுந்தது. பச்சையாக, இஸ்திரி போட்ட சட்டையில், கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றார். அவள் பார்த்துவிட்டாள். ஏழாவது வரி பாதியில் இருந்தது. அதன் பிறகு அந்தக் குரல் ஏறிய ஏற்றத்தில், முன்வரிசையில் இரண்டு பேர் திடுக்கிட்டு எழுந்தார்கள். எட்டாவது, ஒன்பதாவது வரிகளில் தபால் அலுவலகம் விழித்தது. பன்னிரண்டாவது வரி முடிந்தபோது அரங்கில் கைதட்டாதவர் மச்சான் ஒருவர்தான், கைதட்டல் சத்தத்தில் அவரும் எழுந்து எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார்.

வாசலில் அவள் கணவரைத் தேடி வந்தாள். முதலில் கேட்டது இதுதான்:

"ஏங்க, என் பாட்டு அவ்வளவு மோசமாவா இருந்துச்சு? ஊரே தூங்கிடுச்சே."

"உன் பாட்டுல ஒண்ணுமில்லம்மா. ஊரத் தூங்க வெச்சது நான்."

சொன்னார். திருகு, பதிமூன்று, ஏழு, மூன்று நாள், எல்லாவற்றையும் சொன்னார். திங்கட்கிழமையே எல்லா மெஷினையும் பத்துக்கு ஏற்றி, அப்புறம் ஒவ்வொரு புள்ளியாக இறக்கப்போவதாகவும் சொன்னார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மச்சான், "அப்ப எங்க மேனேஜர் நல்லவரா?" என்று கேட்டுவிட்டு, அதை ஏற்றுக்கொள்ள மனசில்லாமல் நகர்ந்துபோனார்.

"சரி, அத விடுங்க. என் பாட்டு எப்படி இருந்துச்சு? நிஜமாச் சொல்லுங்க."

வருடா வருடம் கேட்கும் கேள்விதான். வருடா வருடம் கண்ணைக் கசக்கிக்கொண்டே "பிரமாதம்" என்பார். இன்றைக்கு அவர் கொஞ்சம் தயங்கினார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஏழாவது வரியில, நடுவுல ஒரு மூச்சு எடுத்துட்ட. வீட்ல பாத்திரம் கழுவும்போது எடுக்கவே மாட்ட."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். நாள் முழுவதும் உஷ், உஷ் என்று சொல்லுகிற பெண், வாசல் அதிர, வண்டி எடுக்கப் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

"எடுத்தேங்க. நீங்க எழுந்து நின்னீங்கல்ல, அப்பதான்."